தள்ளுவண்டிக்கு எந்த அளவுச் சக்கரம்? அளந்து பார்த்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

வண்டி செய்யப் பட்டறைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "என்ன வீல் போடணும்?" பெரும்பாலானவர்கள் பக்கத்தில் நிற்கும் ஒரு வண்டியைக் காட்டி, "அதே மாதிரி போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வண்டி ஓடும் தெரு வேறு, ஏற்றும் சரக்கு வேறு, தள்ளுபவரின் உயரம் வேறு. சக்கரத்தைத் தவறாகப் போட்டால் அதன் கூலியை வண்டி தள்ளுபவரின் இடுப்பும் தோளும் தினமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெரிய சக்கரம் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. மேடு பள்ளத்தில் அது பெரிய உதவி. ஏற்றத்தில் கொஞ்சமும் உதவாது. திருப்பத்தில் உபத்திரவம். எந்த இடத்தில் எவ்வளவு என்று கணக்கோடு பார்த்தால்தான் சரியான அளவு பிடிபடும்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சட்டமும் பலகையும் சேர்ந்து 80 கிலோ, சரக்கு 120 கிலோ, மொத்தம் 200 கிலோ. நான்கு சக்கரம், ஒவ்வொன்றின் மேலும் 50 கிலோ. தெருவில் காய்கறி, பழம் விற்கும் நடுத்தர வண்டி ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும். உங்கள் வண்டி 300 கிலோ என்றால், கீழே வரும் கிலோக் கணக்குகளை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: வழியை நடந்து அளப்பது

ஒரு டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு, வண்டி போகும் வழி முழுவதும் ஒருமுறை நடந்து வாருங்கள். குறிக்க வேண்டியவை நான்கு: செங்குத்தாக நிற்கும் மிக உயரமான விளிம்பு (பேவர் பிளாக் ஓரம், மேன்ஹோல் மூடி, வாசல் படி), மிக அகலமான பள்ளம் அல்லது சாக்கடைக் கம்பி இடைவெளி, மணலோ சேறோ உள்ள பகுதியின் நீளம், மிகக் குறுகலான திருப்பத்தின் அகலம்.

வேகத்தடையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பார்க்க உயரமாக இருந்தாலும் சரிவாக ஏறுகிறது, அதனால் அது ஏற்றத்தின் கணக்கு. தார் வெட்டி மூடாமல் விட்ட 2 அங்குல விளிம்புதான் அதைவிட மோசம்.

வழியில் 95 விழுக்காடு நல்ல தார் சாலையாக இருக்கலாம். ஆனாலும் சக்கரத்தின் அளவை முடிவு செய்வது மீதி 5 விழுக்காடுதான். வண்டி நின்றுபோவது அங்கேதான்.

படி 2: இழுத்துப் பார்ப்பது

50 கிலோ வரை காட்டும் கொக்கித் தராசு ஒன்று போதும். பழைய இரும்புக்கடைக்காரர் தூக்கிப் பிடிக்கிறாரே, அதே சாதனம். சோதனைக்கு யாரிடமாவது இரவல் வாங்கிய வண்டியே போதும்.

1. வண்டியில் வழக்கமான சரக்கை, அல்லது அதே எடைக்கு மணல் மூட்டையை ஏற்றுங்கள்.
2. முன் அச்சின் உயரத்தில் கயிறு கட்டி, மறுமுனையில் தராசை மாட்டுங்கள். கயிறு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் முன் சக்கரத்தின் எடை குறைந்து அளவு பொய்யாகும்.
3. மெதுவாக இழுங்கள். நகரத் தொடங்கும்போது காட்டும் அளவை ஒன்றாகவும், சீராக ஓடும்போது காட்டும் அளவை இன்னொன்றாகவும் குறியுங்கள்.
4. 10 மீட்டர் போய், அதே தடத்தில் எதிர்த்திசையில் இழுத்து வாருங்கள். இரண்டின் சராசரிதான் வண்டியின் உண்மையான இழுவை.

நான்காவதை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தெருவும் சமமாக இருப்பதில்லை. போகும்போது 7 கிலோ, வரும்போது 3 கிலோ காட்டினால் சக்கரத்தின் இழுவை 5 கிலோ. மீதி 2 கிலோ தெருவின் சாய்வு, அதாவது 200 கிலோவுக்கு 100-க்கு 1 ஏற்றம்.

நாள் முழுக்கத் தள்ளுபவருக்கு, சீராக ஓடும்போது 10 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாண்டினால் சக்கரத்தை மாற்றுவதற்கு முன் பேரிங்கையும் காற்றையும் பாருங்கள். காரணம் நான்காம் படியில் வருகிறது.

படி 3: மேட்டுக்கு எந்த அளவு

இதுதான் வழிகாட்டியின் மையம். சக்கரம் ஒரு விளிம்பில் முட்டும்போது, தொட்ட புள்ளியைச் சுற்றிப் புரண்டுதான் மேலே ஏற வேண்டும். சக்கரம் சிறியதானால் தொடும் புள்ளி மேலே, ஏறக்குறைய முகத்துக்கு நேராக வந்துவிடும். பெரியதானால் அது காலடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு அட்டையில் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டமும் 20 செ.மீ. ஆரமுள்ள வட்டமும் வெட்டி, 2.5 செ.மீ. உயரமுள்ள புத்தக அடுக்கின் முன் நிறுத்திப் பாருங்கள். முதல் வட்டம் சுவரில் மோதியதுபோல நிற்கும். இரண்டாவது படியில் கால் வைத்ததுபோல நிற்கும்.

நம் வண்டியின் இரண்டு முன் சக்கரமும், அதாவது 100 கிலோ, ஒரே நேரத்தில் 25 மி.மீ. விளிம்பில் முட்டுகின்றன. நின்ற நிலையிலிருந்து ஏற்ற, அச்சில் நேராகத் தள்ள வேண்டிய விசை இது (அங்குலக் கணக்கெல்லாம் சக்கரத்தின் விட்டம்):

- 4 அங்குல ட்ராலி சக்கரம்: 173 கிலோ
- 8 அங்குலச் சக்கரம்: 88 கிலோ
- 16 அங்குலம்: 55 கிலோ
- 20 அங்குலம்: 48 கிலோ
- 26 அங்குலம்: 41 கிலோ
- 28 அங்குல சைக்கிள் சக்கரம்: 40 கிலோ
- 5 அடி மாட்டுவண்டிச் சக்கரம்: 26 கிலோ

வேறு உயரத்துக்கு நீங்களே போட வேண்டுமானால்: ஆரத்தையும் மேட்டு உயரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, மேட்டு உயரத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள். விடைக்கு வர்க்கமூலம் எடுங்கள். அதை, ஆரத்திலிருந்து மேட்டு உயரத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, அந்தச் சக்கரங்களின் மேலுள்ள எடையால் பெருக்குங்கள். மேடு ஆரத்துக்குச் சமமானால் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடும். எவ்வளவு தள்ளினாலும் ஏறாது, தூக்கித்தான் வைக்க வேண்டும் என்று பொருள்.

மேலே உள்ள அளவுகளை இன்னொரு முறை பாருங்கள். 4-லிருந்து 8-க்குப் போனால் விசை பாதியாகிறது. 8-லிருந்து 16-க்குப் போனால் 33 கிலோ மிச்சம். 20-லிருந்து 28-க்குப் போனால் மிச்சம் வெறும் 8 கிலோ. ஆகவே 20 அங்குலத்துக்கு மேல் போவதற்கு வலுவான காரணம் ஏதாவது இருக்க வேண்டும். 8 அங்குலத்துக்குக் கீழே தெருவில் போகவே கூடாது. கிடங்கின் சிமெண்ட் தரைக்கு மட்டும்தான் 4 அங்குலம்.

பள்ளத்துக்கும் இதே நியாயம். 10 செ.மீ. அகலக் குழியில் 4 அங்குலச் சக்கரம் முழுசாக விழுந்து மாட்டிக்கொள்ளும். 8 அங்குலம் 13 மி.மீ. இறங்கும். 28 அங்குலம் மூன்றரை மி.மீ. மட்டும் இறங்கித் தாண்டிவிடும். சாக்கடைக் கம்பி வழியாகப் போகும் வண்டி என்றால் கம்பியின் இடைவெளியை டயரின் அகலத்தோடும் ஒப்பிடுங்கள். மெல்லிய சைக்கிள் டயர் நீளவாட்டில் கம்பிக்குள் இறங்கிவிட்டால், சக்கரம் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

ஓரமாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் பாதி விசை போதும் என்று பலரும் நம்புகிறார்கள். சட்டம் வளைந்து கொடுத்தால் ஓரளவு உண்மை. வெல்டிங் அடித்த விறைப்பான ஆங்கிள் சட்டத்தில், ஒரு சக்கரம் மேலே போனதும் எதிர்மூலைச் சக்கரமும் அதுவும் மட்டுமே தரையைத் தாங்கும். 50 கிலோ தாங்கிய சக்கரம் 100 கிலோ தாங்கும். விசை அதேதான். கூடவே வண்டி ஆடி, தராசும் டப்பாவும் சரியும்.

உண்மையில் பலன் தருவது கைப்பிடி. அச்சுகளுக்கிடையே 90 செ.மீ., கைப்பிடி பின் அச்சிலிருந்து 45 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் ஏறும்போது கைப்பிடியை 40 கிலோ அளவு அழுத்தினால் முன் எடை 20 கிலோ குறையும். பின் சக்கரம் ஏறும்போது கைப்பிடியை 20 கிலோ அளவு தூக்கினால் பின் எடை 30 கிலோ குறையும். 28 அங்குலச் சக்கரத்தில் 40 கிலோவாக இருந்த விசை முறையே 32, 28 என்று இறங்கும். கனமான சரக்கைப் பின்பக்கம் வைப்பதும் முன் சக்கரத்துக்கு இதே உதவியைச் செய்யும்.

படி 4: அச்சும் பேரிங்கும்

அச்சில் ஏற்படும் உராய்வு, அச்சின் விட்டத்துக்கும் சக்கரத்தின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தில் சுருங்கித்தான் தரைக்கு வருகிறது. 20 மி.மீ. அச்சு, கிரீஸ் போட்ட சாதாரண புஷ் (பேரிங் இல்லாமல் அச்சைத் தாங்கும் உலோகக் குழாய்) என்றால், 4 அங்குலச் சக்கரத்தில் நம் வண்டிக்கு 4 கிலோ இழுவை. 16 அங்குலத்தில் 1 கிலோ. கிரீஸ் காய்ந்து இரும்போடு இரும்பு உரசினால் இது மூன்று மடங்காகும்: 4 அங்குலத்தில் 12 கிலோ, 16-இல் 3 கிலோ.

மர மாட்டுவண்டியின் சக்கரம் அவ்வளவு பெரிதாக இருந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. பேரிங் கிடையாது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிமைதான் அச்சுக்கு. 4 செ.மீ. அச்சுக்கு 150 செ.மீ. சக்கரம் என்றால் உராய்வு 37-இல் ஒரு பங்காகிவிடும். அந்தச் சக்கரத்தின் உயரமே அதற்குப் பேரிங் மாதிரி வேலை செய்தது. பின்னால் வந்த டயர் வண்டியில் சக்கரம் பாதி உயரம்தான், ஆனாலும் தார் சாலையில் மாடு லேசாக இழுக்கிறது. பேரிங்கும் காற்றடைத்த டயரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

ஆகவே பால் பேரிங் போடுவதாக இருந்தால் அச்சு உராய்வுக்காகப் பெரிய சக்கரம் தேடத் தேவையில்லை. வெறும் புஷ் என்றால் 16 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள், வாரம் ஒருமுறை கிரீஸ் வையுங்கள். சிறிய சக்கரம் அதிகம் சுற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். 1 கிலோமீட்டருக்கு 4 அங்குலச் சக்கரம் 3,100 சுற்றுக்கு மேல் சுற்றும், 28 அங்குலம் 450 சுற்று. புஷ் தேய்வதும் அதே விகிதத்தில்தான்.

அச்சுக் கம்பியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சட்டத்துக்கு வெளியே 6 செ.மீ. நீட்டிய அச்சில் 50 கிலோ உட்கார்ந்தால், சாதாரண மைல்ட் ஸ்டீல் 12 மி.மீ. கம்பி ஒரு நல்ல குழியில் வளைந்துவிடும். 16 மி.மீ. கம்பி தாங்கலாம், தாங்காமலும் போகலாம். 20 மி.மீ. போடுங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது: நட்டுக்கு வெளியே துளை போட்டு காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி ஊசி) மாட்டாமல் பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஓட்டத்தில் நட்டு தானே கழன்றுவரும்.

படி 5: மணலும் சேறும்

மென்மையான தரையில் சக்கரம் புதைகிறது. புதைந்த சக்கரத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு மேடு நிற்கிறது. சக்கரம் பெரிதானால் இழுவை குறையும் என்பதில் சந்தேகம் இல்லை, எவ்வளவு குறையும் என்பதில்தான் பழைய பொறியாளர்களுக்குள் சண்டை. 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஆர்தர் மோரின் இழுவை விட்டத்துக்கு நேர் எதிர்விகிதத்தில் குறையும் என்றார். ஜூல் டுப்புய் விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் என்றார். நம் வேலைக்கு டுப்புய் கணக்கையே வைத்துக்கொள்ளலாம், ஏமாற்றம் குறைவு. அதன்படி சக்கரத்தை இரட்டித்தால் இழுவை முப்பது விழுக்காடு குறையும், பாதியாகாது.

உலர்ந்த கடற்கரை மணலில் மெல்லிய டயர் போட்ட 200 கிலோ வண்டிக்கு 40 முதல் 60 கிலோ இழுவை வரும். ஒருவரால் ஆகாது. அங்கே விட்டத்தைவிட அகலம் முக்கியம். 2 அங்குலத்துக்கு மேல் அகலமான டயர் போட்டு, மணலில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்து, தார் சாலைக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள். குறைந்த காற்றோடு சாலையில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் விரிசல் விடும்.

படி 6: ஏற்றமும் நிறுத்தமும்

சுருக்கமாகச் சொல்லலாம். 20-க்கு 1 ஏற்றத்தில் 200 கிலோ வண்டிக்கு 10 கிலோ கூடுதலாகத் தள்ள வேண்டும். சக்கரம் 4 அங்குலமானாலும் 28 அங்குலமானாலும் அதே 10 கிலோதான். ஏற்றம் உள்ள ஊரில் சரக்கைக் குறையுங்கள், அல்லது ஏற்றத்தில் ஒரு கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிறுத்தும்போது மட்டும் சக்கரத்தின் அளவு பார்க்க வேண்டும். மேட்டை எளிதாக ஏறும் பெரிய சக்கரம், முட்டுக் கல்லையும் எளிதாக ஏறிவிடும். 28 அங்குலத்துக்கு 7 முதல் 8 செ.மீ. உயர ஆப்பு வேண்டும், அதுவும் பள்ளமான பக்கத்தில் இரண்டு சக்கரத்துக்கும். கையில் கிடைத்த அரைச் செங்கல் துண்டை நம்பி, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி உள்ள வண்டியை விட்டுவிட்டு நகராதீர்கள்.

படி 7: உயரமும் திருப்பமும்

பலகை 75 முதல் 80 செ.மீ. உயரத்திலும், கைப்பிடி தள்ளுபவரின் முழங்கையை ஒட்டி, ஏறக்குறைய 95 முதல் 105 செ.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். 28 அங்குலச் சக்கரத்தின் உச்சி 71 செ.மீ.க்கு வரும். 75 செ.மீ. பலகை என்றால் அதற்கு அடியில் வைக்க 4 செ.மீ.தான் மிஞ்சும். சட்டத்தை உயர்த்தினால் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். இரு பக்கச் சக்கரங்களுக்கிடையே 75 செ.மீ., மொத்த எடையின் மையம் 100 செ.மீ. உயரம் என்றால் 20 டிகிரி சாய்வு வரை தாங்கும். மையத்தை 10 செ.மீ. உயர்த்தினால் 19 டிகிரிகூடத் தாங்காது. அடுப்பும் கூரையும் உள்ள வண்டிக்கு எடை ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதற்கு 20 அங்குலமே நல்லது.

திருப்பத்தில்தான் பெரிய சக்கரம் காசு கேட்கும். சைக்கிள் திரும்பும்போது சாய்கிறது, அதனால் சக்கரத்துக்குப் பக்கவாட்டு விசை வருவதில்லை. வண்டி சாயாது. நான்கு சக்கரமும் நேராகப் பூட்டிய வண்டியை இழுத்துத் திருப்பினால், 50 கிலோ தாங்கும் டயரைத் தரை 30 கிலோ விசையோடு பக்கவாட்டில் பிடிக்கும். அந்தப் பிடி, ஆரத்தின் நீளத்துக்கு நெம்புகோல்போல அச்சையும் குடத்தையும் (ஸ்போக்ஸ் கம்பிகள் சேரும் சக்கரத்தின் நடுப்பகுதி) முறுக்கும். 20 அங்குலத்தைவிட 28 அங்குலத்தில் இந்த முறுக்கு 40 விழுக்காடு அதிகம். ரிம்மில் பெண்டு விழுவதும், ஸ்போக்ஸ் கம்பி குடத்தோரம் அறுவதும், 16 மி.மீ. அச்சு வளைவதும் சரக்கின் கனத்தால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இந்த இழுப்பால்தான்.

தீர்வு: திருப்பும்போது கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாக எடுத்துவிட்டுத் திருப்புங்கள். ரிம் வாங்கும்போது 32 கம்பி ரிம்மை விட்டு 40 கம்பி ரிம்மாகக் கேளுங்கள். சந்து குறுகல் என்றால் முன்னால் சுழலும் சக்கரம் வைக்கலாம், ஆனால் அது 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முன்னால் சிறியது, பின்னால் பெரியது என்று வைத்தால் மேட்டில் முதலில் முட்டுவது சிறியதுதான் என்பதை நினைவில் வையுங்கள். சரக்கின் எடையைப் பின் அச்சுக்குத் தள்ளியே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போது

பள்ளிச் செயல்திட்டத்துக்கு ஒரு பொம்மை வண்டியைச் சரிவுப் பலகையில் விட்டு, பெரிய சக்கரமா சிறிய சக்கரமா வேகம் என்று பார்ப்பார்கள். ஒரே பிளைவுட்டில் 5 செ.மீ., 10 செ.மீ. சக்கரங்களை வெட்டினால் பெரியது நான்கு மடங்கு கனம். கனமான சக்கரத்தைச் சுழற்றவே விசையில் ஒரு பங்கு போய்விடுவதால் வண்டி மெதுவாக வரும், குற்றம் அளவின் மேல் விழும். இரண்டு ஜோடியும் ஒரே எடையில், ஒரே வடிவில் இருந்தால் அளவால் அந்த இழப்பு மாறாது. ஆகவே பெரிய சக்கரத்தில் சம இடைவெளியில் துளைகள் போட்டு எடையைக் குறையுங்கள், அல்லது மெல்லிய அட்டையில் செய்யுங்கள். வண்டியின் மொத்த எடையையும் சமமாக்குங்கள். சரிவு 120 செ.மீ. பலகை, ஒரு முனை 10 செ.மீ. உயரம். கீழே 5 மி.மீ. குச்சி ஒன்றைக் குறுக்கே ஒட்டி மீண்டும் விடுங்கள். சக்கர அளவின் உண்மையான வேலை அந்தக் குச்சியில்தான் தெரியும்.

மாட்டிய பிறகு

நான்கு குடங்களின் நடுவே மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணல், டயர் ஒரு பக்கமாகத் தேயும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் அந்தப் பக்கத்து டயரில் காற்று, அடுத்து அந்தப் பக்கத்து பேரிங், கடைசியாகத்தான் சட்டம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடையுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும். புது ஸ்போக்ஸ் கம்பிகள் முதல் வாரத்தில் தளரும். எட்டாம் நாள் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய், சரக்கை இறக்கிவிட்டு, நான்கு சக்கரத்தையும் ஒருமுறை இறுக்கிப் பெண்டு எடுத்து வாருங்கள்.